எர்திக்: ஒட்டடை அடித்தவருக்கும் ஓவியம் வரைந்த மாளிகை

முதல் நாள், வெள்ளி

செஸ்டரில் ரயில் மாறி ரெக்சமில் இறங்கும்போது மதியம் இரண்டு மணி. வடகிழக்கு வேல்ஸில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய ஊர் இது. 2022இல்தான் நகர அந்தஸ்து கிடைத்தது. பெயர்ப்பலகை எல்லாமே இரண்டு மொழியில் இருக்கின்றன. லிவர்பூலில் வேலை பார்க்கும் என் தம்பி மகளும் கூட வந்திருக்கிறாள். "எர்டிக்னு சொல்லிடாதீங்க அத்தை, எர்திக்" என்று ரயிலிலேயே திருத்தினாள். வேல்ஸ் மொழியில் 'டி' எழுத்து இரட்டித்து வந்தால் நம் 'த' போல ஒலிக்குமாம். நம் நாக்குக்கு அது சுலபம்தான்.

எர்திக் மாளிகை நாளைக்கு. இன்று மாலை புனித ஜைல்ஸ் தேவாலயத்துக்குப் போனோம். எனக்கு அங்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

பாரிமுனைப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவள் நான். உயர்நீதிமன்ற வளாகத்தில், பழைய சட்டக் கல்லூரியை ஒட்டி, கூம்பாக உயர்ந்து நிற்கும் ஒரு கல்லறைச் சின்னத்தைத் தினமும் கடந்து போவேன். சிறு வயதிலேயே இறந்துபோன டேவிட் யேல் என்ற குழந்தைக்கு அதன் அப்பா எழுப்பியது அது. அப்பா எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான் இருக்கிறது. 1718இல் இவர் அனுப்பிய ஒன்பது மூட்டைச் சரக்கை விற்று, வந்த 562 பவுனை வைத்து அந்தக் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்பினார்கள். குழந்தையின் கல்லறை சென்னையில் என்றால் அப்பாவுடையது இங்கே, ரெக்சமில்.

தேவாலயத்துக் கோபுரத்துக்கு வெளியே, புல்தரையில், இடுப்பு உயரக் கல்பெட்டியாக இருக்கிறது. மேலே செதுக்கியிருக்கும் பாட்டு, அமெரிக்காவில் பிறந்தார், ஐரோப்பாவில் வளர்ந்தார், ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார், ஆசியாவில் மணம் முடித்தார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அப்புறம் ஒரு வரி: நிறைய நல்லது செய்தார், கொஞ்சம் கெட்டதும் செய்தார், இரண்டும் நேராகிவிட்டது என்று நம்புவோமாக. நின்று இரண்டு முறை படித்தேன். சொந்த வியாபாரத்துக்காகப் பதவியைப் பயன்படுத்தினார் என்ற புகாரில்தான் அவரைக் கவர்னர் வேலையிலிருந்து இறக்கினார்கள். அவர் காலத்தில் சென்னைத் துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது கோட்டையின் ஆவணங்களிலேயே இருக்கிறது. அந்த மனிதர்கள் எல்லாம் 'கொஞ்சம் கெட்டது' என்ற சொல்லுக்குள் அடங்குவார்களா? எனக்கு மனம் ஒப்பவில்லை.

எர்திக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் யேலைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. யேல் குடும்பத்து வீடான பிளாஸ் க்ரோனோ இருந்தது எர்திக்குக்குப் பக்கத்திலேதான். அந்த வீடு இப்போது இல்லை. எர்திக்கைக் கட்டியவருக்குக் கடன் கொடுத்தவர்களில் யேலும் ஒருவர்.

இரண்டாம் நாள், சனி

ஊர் மையத்திலிருந்து தெற்கே மூன்று கிலோமீட்டர் இருக்கும், நடந்தே போனோம். அக்டோபர் மாதம். பீச் மரங்களெல்லாம் செம்புப் பாத்திரம் துலக்கிவைத்த நிறத்தில் நின்றன.

முதலில் கட்டியவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜோஷுவா எடிஸ்பரி, மாவட்ட ஷெரிஃப் பதவிக்கு வந்தவர். பதவிக்கு ஏற்ற வீடு வேண்டும் என்று 1684இல் கட்ட ஆரம்பித்தார். 'வீட்டைக் கட்டிப் பார்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதை அவர் முழுக்கப் பார்த்துவிட்டார். கடன் மேல் கடன், கடைசியில் திவால். 1710களின் நடுவில் லண்டன் வழக்கறிஞர் ஜான் மெல்லர் வாங்கினார். இரண்டு பக்கமும் கட்டடத்தை நீட்டி, லண்டனின் சிறந்த கைவினைஞர்களிடம் மேசை, நாற்காலி, வெள்ளிப்பூச்சுக் கண்ணாடிச் சட்டம் எல்லாம் செய்யச் சொல்லி நிரப்பினார். திருமணம் செய்துகொள்ளாதவர். 1733இல் அவர் இறந்ததும் வீடு சகோதரி மகன் சைமன் யார்க்குக்கு வந்தது. அதிலிருந்து 1973 வரை, 240 வருடம், யார்க் குடும்பம்தான். வாரிசுக்கெல்லாம் சைமன், பிலிப் என்று இரண்டே பெயர்கள்.

பெரிய மாளிகை என்றால் முன்வாசல் படியேறி, தூண் பார்த்து, கூடத்துக்குள் நுழைவதுதான் எங்கும் வழக்கம். இங்கே அப்படி விடுவதில்லை. பின்பக்கம் தச்சுப்பட்டறை, மரம் அறுக்கும் குழி, கொல்லுப்பட்டறை, குதிரை லாயம், சலவைக்கட்டு, ரொட்டி சுடும் அறை, சமையற்கட்டு என்று வேலை நடந்த இடங்கள் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். 1977இல் பொதுமக்களுக்குத் திறந்தபோது, இப்படிப்பட்ட பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை எடுத்த முடிவு இது. எவ்வளவு நல்ல முடிவு என்பது உள்ளே போகப் போகத்தான் புரிந்தது.

மரம் அறுக்கும் குழியருகே கொஞ்ச நேரம் நின்றேன். தரையில் நீளமான பள்ளம், அதன் குறுக்கே மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் நிற்பார், குழிக்குள் ஒருவர் நிற்பார். இருவருமாக நீள ரம்பத்தை ஏற்றி இறக்குவார்கள். கோடு பிசகாமல் பார்த்துக்கொள்வது மேலே நிற்பவர் பொறுப்பு. கீழே நிற்பவர் கண்ணிலும் வாயிலும் நாள் முழுக்க மரத்தூள்தான். மாளிகையின் கதவும் சட்டமும் பலகையும் இப்படித்தான் வந்திருக்கின்றன.

சமையற்கட்டு 1770களில் கட்டியது. தீ விபத்துக்குப் பயந்து அப்போது பிரதான வீட்டிலிருந்து தள்ளியே கட்டினார்களாம், பிறகுதான் இணைத்தார்கள். ஆளுயர ஜன்னல், உயர்ந்த கூரை. வளைவின் மேலே பெரிய எழுத்தில், வீணாக்காதே, இல்லாமை வராது என்ற பொருளில் ஒரு வாசகம். தம்பி மகள் படம் எடுத்துக்கொண்டாள், அம்மாவுக்கு அனுப்ப வேண்டுமாம்.

அங்கிருந்து வேலையாட்கள் கூடத்துக்கு வந்தோம். இந்த வீட்டை நான் தேடி வந்தது இதற்காகத்தான்.

இந்த மாதிரி வீடுகளில் சுவர் என்றால் பிரபு, பிரபுவின் மனைவி, குதிரை, நாய். இங்கே சுவரில் இருப்பவர்கள் தச்சர், கொல்லர், வேட்டைக்காவலர், கறிக்காரர், சமையற்கட்டு எடுபிடி. எல்லாம் எண்ணெய்ச்சாய ஓவியங்கள். 1791 முதல் 1796 வரை முதலாம் பிலிப் யார்க், டென்பியைச் சேர்ந்த ஜான் வால்டர்ஸ் என்ற ஓவியரை வைத்து வரையச் சொன்னவை. ஒவ்வொரு படத்துக்கும் பிலிப்பே பாட்டு எழுதினார். பெரிய கவிதை என்று சொல்ல மாட்டேன், எதுகைக்காக இழுத்துப் பிடித்த வரிகள் நிறைய. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஆளின் பெயர் உண்டு, என்ன வேலை செய்தார் என்பது உண்டு, எத்தனை வருடம் என்பது உண்டு.

ஜேன் எப்ரெல் படத்தின் முன்னால்தான் என் கால் நின்றுவிட்டது. 1793இல் வரைந்தபோது அவருக்கு வயது 87. இளம் வயதில் பணிப்பெண்ணாக வந்து, வண்டியோட்டியை மணந்துகொண்டவர். பாட்டு அவரை 'நம் எல்லோருக்கும் தாய்' என்று அழைக்கிறது. ஏறக்குறைய எழுபது வருடத்துக்கு முன் எஜமானருக்கு 'சிலந்தி விரட்டியாக' இருந்தார் என்கிறது. அதாவது ஒட்டடை அடிப்பவர். அறை அறையாகப் போய் விளக்குமாறும் துடைப்பானுமாகத் தூசியை விரட்டினார் என்று அதற்கு நான்கு வரி. எங்கள் பாட்டி வீட்டில் பொங்கலுக்கு முன்னால் ஒட்டடைக்கம்போடு வந்து நிற்கும் ஓர் அம்மா ஞாபகத்துக்கு வந்தார். அவர் பெயர் எனக்கு நினைவில்லை. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவர். வெட்கமாக இருந்தது, அதை மறைக்காமல் இங்கே எழுதிவைக்கிறேன்.

அதே கூடத்தில் இவற்றுக்கெல்லாம் முந்திய ஓவியம் ஒன்று உண்டு. சீருடை அணிந்து, கையில் ஊதுகொம்போடு நிற்கும் ஒரு கறுப்பின இளைஞன், வண்டியோடு போகும் பணியாள். மெல்லர் காலத்து ஓவியம் என்கிறார்கள், பாட்டைப் பின்னால் பிலிப் சேர்த்தார். எந்தக் கப்பலில், யாருடைய சரக்காக, எந்தக் கரையிலிருந்து என்று நேற்றைய கல்லறையிலிருந்து என் மனம் இந்தப் படத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கொம்பை அவன் பிடித்திருக்கும் விதம் அவ்வளவு நிதானம்.

பழக்கம் பிலிப்போடு நிற்கவில்லை. 1830இல் அவர் மகன் இன்னும் சிலரை வரையச் செய்தார். அப்புறம் புகைப்படம் வந்தது. 1852, 1887, 1912 என்று வேலையாட்களை வரிசையாக நிறுத்தி எடுத்த படங்கள் கீழ்த்தள நடைபாதையில் இருக்கின்றன. ஒவ்வொருவர் கையிலும் தன் தன் தொழில் கருவி. அவர்களுக்கும் பாட்டு, எழுதியவர் இரண்டாம் பிலிப்.

இதையெல்லாம் பார்த்து வேலைக்காரர்களைத் தாங்கிய குடும்பம் என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. அந்த இரண்டாம் பிலிப்பும் மனைவி லூயிசாவும் வீட்டை நடத்திய காலத்தில் எலன் பென்கெத் என்பவர் சமையலும் வீட்டு நிர்வாகமும் சேர்த்துப் பார்த்தார். கடைக்காரர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்வதும் அவர்தான். 1907இல் அந்தப் பணத்தைத் திருடிவிட்டார் என்று அவரைக் கைது செய்யவைத்தார்கள். நீதிமன்றத்தில் ஜூரி அவர் குற்றவாளி அல்ல என்று சொல்லி விடுவித்தது. லூயிசாவோ அவரைத் 'திருட்டுச் சமையற்காரி' என்றே எழுதிவைத்தார். நடைபாதையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தேடினேன். அவருக்கு ஒரு பாட்டு என் கண்ணில் படவில்லை.

மேல்தளத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அழகில்லை என்பதால் அல்ல. பெரும்பாலான அறைகளில் மின்விளக்கே இல்லை. கடைசிவரை யார்க் குடும்பம் மின்சாரம் இழுக்கவில்லை. திரைச்சீலை, பட்டு எல்லாம் வெளுக்காமல் இருக்க ஜன்னல் மறைப்பையும் இறக்கியிருக்கிறார்கள். அக்டோபர் மாலை வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறித்தான் பார்த்தேன். 1720இல் செய்த, முக்கிய விருந்தினருக்கான ஆடம்பரக் கட்டில், சீனப் பட்டில் பறவையும் பூவுமாக எம்பிராய்டரி செய்தது, இருட்டிலும் மின்னியது. பக்கத்தில் மெருகு அரக்குப் பூசிய மடிப்புத்தட்டி ஒன்று இருக்கிறது. யேல் சென்னையிலிருந்து எடிஸ்பரிக்கு அனுப்பிய பரிசு இதுதான் என்று நம்புகிறார்கள். சென்னைத் துறைமுகத்தைத் தொட்டு வந்த ஒரு தட்டி, கடன் கொடுத்தவர் அனுப்பிய அன்பளிப்பு.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மேல்தளத்து நீண்ட கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சீனக் கோபுரமும், சிரியாவின் பழைய பல்மைரா நகரத்து இடிபாடுகளின் மாதிரியும். கை அகலக் கோபுர அடுக்குகள், விரல் தடிமன் தூண்கள், முத்துச்சிப்பித் துண்டுகளின் மினுக்கம். செய்தவர் எலிசபெத் ராட்கிளிஃப், செஸ்டர் நகரக் கடிகாரக்காரரின் மகள். கோபுரம் 1767, இடிபாடுகள் 1773. அந்த வீட்டில் அவருடைய வேலை, எஜமானியம்மாளுக்கு உடுத்திவிடும் தோழிப் பணி. இந்த மாளிகையில் நான் பார்த்த கலைப்பொருட்களில் இவைதான் முதலிடம். லண்டன் நாற்காலிகளெல்லாம் அப்புறம்தான்.

மூன்றாம் நாள், ஞாயிறு

காலையில் தூறல், பத்து மணிக்கு விட்டது. இன்று முழுக்கத் தோட்டம்.

மாளிகையின் கிழக்கு முகத்துக்கு எதிரே செங்கல் சுவர் சூழ்ந்த தோட்டம் நீள்சதுரமாக விரிகிறது. நடுவில் நேர் பாதை, முடிவில் நீண்ட கால்வாய்க் குளம், இருபுறமும் எலுமிச்சைப் பச்சை இலையுள்ள லிண்டன் மரங்கள் இரட்டை வரிசையில். கால்வாயின் கோடியில் இரும்பு வேலைப்பாட்டுக் கதவு. பெர்ஷம் கொல்லர் ராபர்ட் டேவிஸின் பட்டறை வேலை அது, வேறொரு மாளிகையிலிருந்து 1908இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். எல்லாமே கோடு கிழித்த மாதிரி. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இதுதான் நாகரிகம். ஆனால் ஐம்பது வருடத்துக்குள் ரசனை மாறிவிட்டது. இயற்கை போலவே தெரிய வேண்டும் என்று நேர்பாதைகளை அழித்து, சுவரை இடித்து, புல்வெளி ஜன்னலடி வரை வர வேண்டும் என்று பிரிட்டன் முழுக்க ஆரம்பித்தார்கள். அந்த அலையில் பழைய தோட்டங்கள் பெரும்பாலும் போயின.

எர்திக்குக்கும் அந்த அலை வந்தது. முதலாம் பிலிப் யார்க் 1760களின் கடைசியில் வில்லியம் எம்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரை அழைத்தார். எம்ஸ் இருபது வருடம் போல வேலை செய்தார். மாளிகைக்கு மேற்கே இருந்த பள்ளத்தாக்கையும் ஓடையையும் காட்டையும் திருத்தினார், சுவருக்குள் இருந்த தோட்டத்தை விட்டுவிட்டார். அப்படி விட்டதால்தான் பிரிட்டனில் இந்தக் காலத்துத் தோட்டங்களில் மிஞ்சிய சிலவற்றில் இது ஒன்று.

சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் தம்பி மகள். மழைக்குப் பிறகு லேசாக வெயில் அடித்ததில் செங்கல் வெதுவெதுப்பாக இருந்தது. இந்தக் குளிர் நாட்டில் அதுதான் சூட்சுமம். பகல் வெயிலைச் செங்கல் வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல விடும். அதனால் ஆப்பிள், பேரி, ப்ளம் மரங்களைச் சுவரோடு ஒட்டி, கிளைகளைக் கம்பியில் கட்டி, விரித்த கை மாதிரி இருபுறமும் படரவிடுகிறார்கள். காய் சீக்கிரம் பழுக்கும், பனியிலிருந்தும் தப்பும். பழைய ரகங்களே நிறைய. ஒவ்வோர் அக்டோபரிலும் ஆப்பிள் விழா நடத்துகிறார்கள். ஐவி கொடிக்கும் இங்கே தேசியத் தொகுப்பு உண்டு. சுவர் முழுக்க வெவ்வேறு இலை வடிவம்: நட்சத்திரம், இதயம், பறவைக் கால்.

இதெல்லாம் அறுந்துபோகாமல் வந்தது என்று நினைத்துவிடக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் இந்த இடம் முழுக்கப் புதர், ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. திரும்ப அமைக்க உதவியது, தாமஸ் பேட்ஸ்லேட் என்பவர் 1740 வாக்கில் வரைந்த, பறவை மேலிருந்து பார்ப்பது போன்ற படம். எந்தப் பாதை எங்கே, குளம் எந்த அளவு என்று அதைப் பார்த்துத்தான் மண்ணைத் தோண்டினார்கள். லிண்டன் மரங்களை மறுபடி நட்டார்கள். அந்த மரங்களுக்கு என் தம்பியின் வயதுகூட ஆகவில்லை என்பதை நம்ப முடியவில்லை.

மதியம் எம்ஸின் பக்கம் இறங்கினோம். பீச் காட்டுக்குள் சேறு, வழுக்கல். நார்மன் காலத்துக் கோட்டைமேடு ஒன்று, அதைவிடப் பழைய வாட்ஸ் மண்கரை ஒன்று. கீழே ஓடையில் 'கோப்பையும் தட்டும்' என்று பெயர் வைத்த வட்ட நீர்வீழ்ச்சி, 1774இல் எம்ஸ் அமைத்தது. வட்டமான ஆழமற்ற தொட்டியில் நீர் நிறைந்து, நடுவிலிருக்கும் உருளைப் பள்ளத்துக்குள் சுற்றிலும் விழுந்து, அடியில் சுரங்கம் வழியாகக் கொஞ்ச தூரம் தள்ளி வெளியே வருகிறது. அரை மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

மூடுவதற்கு முன் மறுபடி வேலையாட்கள் வரிசைக்கு ஓடினேன். 1830இல் வரைந்த தோட்டக்காரர் தாமஸ் பிரிச்சர்ட், வயது 67. நேற்று அவசரமாகத் தாண்டிய படம். 'முற்றி விதைக்கு நிற்கிற எங்கள் தோட்டக்காரர், ஒரு காலத்தில் நெடிய மெல்லிய நாணல்' என்று பாட்டு ஆரம்பிக்கிறது. விதைக்கு விட்ட செடி என்று நம் ஊர்த் தோட்டக்காரரும் சொல்வாரே, அதே சொல். காலையில் அந்தச் சுவரைத் தொட்ட கையோடு அவர் முகத்தைப் பார்த்தேன்.

நான்காம் நாள், திங்கள்

இன்று எர்திக் மூடியிருக்கும் என்று நினைத்துச் செஸ்டர் போகும் பேருந்தில் ஏறினோம். வழியில் கிரெஸ்ஃபோர்டில் இறங்கினேன். மாளிகைக்கும் அந்த இடத்துக்கும் நேரடி உறவு இல்லை. ஆனால் நிலக்கரியைச் சொல்லாமல் எர்திக் கதை முடியாது.

ரெக்சமைச் சுற்றி மண்ணுக்கடியில் எல்லாம் நிலக்கரி. 1947இல் சுரங்கங்கள் அரசுடைமை ஆனபின், பக்கத்திலிருந்த பெர்ஷம் சுரங்கத்திலிருந்து மாளிகைக்கு அடியிலேயே தோண்டினார்கள். வீடு ஒரு பக்கம் ஐந்து அடி வரை உட்கார்ந்துவிட்டது. சுவர் பிளந்தது, கூரை ஒழுகியது. அப்போதைய சொந்தக்காரர் நான்காம் சைமன் வெளியே தலைகாட்டாமல், எதையும் பழுதுபார்க்காமல் 1966 வரை வாழ்ந்து இறந்தார். பின் வந்த தம்பி மூன்றாம் பிலிப், பழைய உயரச்சக்கர சைக்கிளில் ஏறி ஓட்டுகிறவர், ஒழுகும் கூரைக்கடியில் பாத்திரம் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். திருடர் பயத்தில் ஒரு நாள் ஓர் அறை, மறுநாள் வேறு அறை என்று படுப்பாராம். வாரிசில்லை. 1973இல், உள்ளே இருக்கும் ஒரு பொருளும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனையோடு முழு வீட்டையும் தேசிய அறக்கட்டளைக்குக் கொடுத்தார். நிலக்கரி வாரியம் கொடுத்த இழப்பீடு 1,20,000 பவுன். போதவில்லை. பூங்காவின் ஒரு பகுதியை வீடு கட்ட விற்றுத்தான் சீரமைப்பு முடிந்தது. திறந்த மறுவருடமே, 1978இல், பிலிப் இறந்தார்.

கிரெஸ்ஃபோர்டில் ஒரு சுரங்கச் சக்கரத்தை நினைவுச்சின்னமாக நிறுத்தியிருக்கிறார்கள். 1934 செப்டம்பர் 22, அதிகாலை வெடிப்பில் 266 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரின் உடலை மேலே கொண்டுவரவே முடியவில்லை, சுரங்கத்தை மூடி முத்திரையிட்டுவிட்டார்கள். சக்கரம் என்னைவிட உயரம், சிவப்புச் சாயம் பூசியிருந்தது. ஒருவர் நாயோடு வந்து, தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். பையில் எர்திக்கில் வாங்கிய ஆப்பிள் நாலைந்து இருந்தன. அடுத்த பேருந்துக்கு இருபது நிமிடம். எலன் பென்கெத்தின் பெயரை மறந்துவிடக் கூடாது என்று நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். "வண்டி வருது அத்தை" என்றாள் தம்பி மகள்.